நாலாவது லேன், நாலு நிமிஷம்

சுங்கச்சாவடியில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு, கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. தினமும் காலையில் எட்டு லேன்களுக்கும் நடந்து, ஒவ்வொரு கணினியின் கடிகாரமும் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதாமல் அவளுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை.

ஒருநாள் போலீசிடமிருந்து கடிதம் வந்தது. நகைக்கடைக் காவலாளி ஒருவரை யாரோ காலை பத்து இருபதுக்கு அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஒரு லாரி டிரைவரின் போன் அந்த நேரத்தில் கடைக்குப் பக்கத்து டவரில் காட்டியது. டயர் கடையில் சார்ஜ் போட்ட போனை மறந்துவிட்டுக் கிளம்பியதாக அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரி அன்றைக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி இந்தச் சாவடியைக் கடந்திருந்தாலும், அதை வேறு ஆள் ஓட்டியிருப்பான் என்பது போலீசின் கட்சி. லாரியின் பதிவை அச்செடுத்துச் சான்றிதழோடு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அவள் அச்செடுத்தாள். நாலாவது லேன், பத்து இருபத்தாறு. வரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை இயந்திரம் படிக்காததால் ஊழியர் கையால் எண்ணைத் தட்டியிருக்கிறார் என்று அதற்குப் பொருள். அப்படிக் கடக்கும் வண்டிகளுக்கு மட்டும் டிரைவரின் ஜன்னலை ஒரு கேமரா படம் எடுத்து இரண்டு வருடம் வைத்திருக்கும். இது வெளியாட்களுக்குத் தெரியாது. அவள் படத்தைத் திறந்தாள். செய்தித்தாளில் பார்த்த அதே முகம், கையை வெளியே நீட்டிக்கொண்டு. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டது ஒரு தாள். ஒரு தாள் குடு. வேலியில போற ஓணானை ஏம்மா மடியில கட்டிக்கறே?”

“சார், பதிவுல உள்ளது முழுசும் இதுதான்னு நான் கையெழுத்துப் போடணும். முழுசும் இது இல்லையே.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “சரி, அனுப்பு. ஆனா கோர்ட்டுல நீதான் போய் நிக்கணும்.”

டிரைவர் தரப்பு வக்கீல் அவளைச் சாட்சியாக அழைத்தார். முதல்முறை கோர்ட்டுக்குத் தனியாகவா போவாள் என்று மாமியாரும் கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். படத்தைப் பற்றி வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

“படத்துல இருக்கற நேரம் உங்க கம்ப்யூட்டர் போட்டது. அது தப்பா இருக்கலாம் இல்லையா?”

“தப்பாத்தான் இருந்துச்சு, ஐயா.”

டிரைவர் தரப்பு வக்கீலின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. கூண்டில் நின்ற டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு தப்பு?”

“நாலு நிமிஷம் முன்னாடி ஓடுச்சு. அன்னிக்குக் காலையில பாத்து எழுதியிருக்கேன். மத்தியானம் சரி பண்ணாங்க.” நோட்டை நீட்டினாள். “அப்ப அவர் எங்க சாவடியைத் தாண்டினது சரியா பத்து இருபத்திரெண்டு.”

நீதிபதி நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூன்று வருடம், ஒருநாள் விடாமல். “இதை எழுதச் சொன்னது யாரு?”

“யாரும் இல்லைங்க, அம்மா. ரிட்டர்ன் டிக்கெட் நேரம் தாண்டிடுச்சுன்னு ஒருத்தர்கிட்ட சண்டை போட்டேன். அப்புறம் பாத்தா எங்க கடிகாரம்தான் தப்பு. அன்னியிலிருந்து எழுதறேன்.”

அரசு வழக்கறிஞர் ஒரு கணம் நோட்டைப் பார்த்தார். “வேற கேள்வி இல்லை” என்று உட்கார்ந்துவிட்டார். கொலை நடந்த இரண்டு நிமிடத்தில் அறுபது கிலோமீட்டரைக் கடக்க லாரிக்கு இறக்கையா முளைக்கும்?

வெளியே வராந்தாவில் மாமியார் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், “உள்ள பேசினது என் மருமக” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவரை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு பேரிடம் சொன்னால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

டிரைவர் விடுதலையானார். போலீஸ் மறுபடி டயர் கடையிலிருந்து ஆரம்பித்து, போனை எடுத்துப் போனவனைப் பிடித்தது.

ஒரு மாதம் கழித்து டிரைவர் மனைவியோடு பதிவு அறைக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். “அந்தப் படம் ஒரு காப்பி கிடைக்குமா, தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“குடுக்கக் கூடாதுண்ணே. கோர்ட்டுக்கு எழுதிப் போட்டுத்தான் வாங்கணும்.”

“ஐயோ, மறுபடி கோர்ட்டா?” என்று அவர் சிரித்துவிட்டார்.

அவள் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். மனைவி கிட்டே வந்து, கையெடுத்துக் கும்பிடப் போகிறவள்போலப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“மேல் பட்டனை மாட்டவே மாட்டாரு இந்த மனுஷன்” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.