தங்கத் தாள் சாய்ந்தது

விடியுமுன்பே லத்தா வட்டாரத்தின் அந்த மாடிக் கடிகாரப் பட்டறையில் வேலை தொடங்கிவிடும். ஜன்னல் மூடிய இருட்டில்தான் கடிகார எண்கள் ஒளிர்வது தெரியும். பிரஷ்ஷை ரேடியம் மையில் தொட்டு, எண்ணை எழுதி, பிரிந்த மயிரை உதட்டில் கூராக்கி, மறுபடி தொட்டு... கழுத்து கல்லாய் இறுகும்வரை பெண்கள் நிமிர்வதில்லை.

உதட்டில் வைக்கச் சொல்லிக்கொடுத்தவள் மேஸ்திரி ஜெயம்மா. தண்ணீரில் நனைத்தால் மை வீணாகும் என்று சொல்லியிருந்தார் முதலாளி ராஜரத்தினம். எண் எழுதும் பெண்களில் ஒருத்தியான பல்கீஸுக்குப் பல் விழுந்து தாடை வீங்கியபோது, "கிராம்பு வை, சரியாயிடும்" என்றாள் ஜெயம்மா. உதட்டில் படும் மைதான் காரணமோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு அவள் செவி கொடுக்கவில்லை.

அன்று, மை திருட்டுப் போகிறதென்று ராஜரத்தினம் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். உள்ளே கம்பியில் மெல்லிய தங்கத் தாள். பட்டில் தேய்த்த கண்ணாடிக் கோலால் தொட்டதும் தாள் விறைத்து விலகி நின்றது.

"ரேடியம் பக்கத்துல வந்தா இது சாயும். நிறைய இருந்தா சீக்கிரமாச் சாயும். முதல்ல யாரும் கிட்ட வராதீங்க. மழை ஈரத்துல தானாவே எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கணும்."

தாள் சோம்பலாக இறங்கியது. மறுபடி கோலால் தொட்டு நிமிர்த்தினார். பல்கீஸ் முகத்தைக் கிட்டே கொண்டுவந்ததும் மளமளவென்று சாய்ந்தது.

"கன்னத்துல பூசின தனகாப் பட்டைக் குழம்புல மையை ஒளிச்சிருக்கா. கழுவிட்டு, கீழ்க்கடையில புதுத்துணி வாங்கிக் கட்டிட்டு வா."

வந்தாள். மறுபடி நிமிர்த்திய தாள் முன்போலவே சாய்ந்தது.

"எலும்பையும் கழட்டி வச்சுட்டு வரட்டுமா முதலாளி?" என்றாள் கூட எண் எழுதும் அம்சவேணி.

"போலீசைக் கூப்பிடறேன். அங்கே பேசு."

பல்கீஸ் ஜெயம்மாவைப் பார்க்கவில்லை. அதைத்தான் ஜெயம்மாவால் தாங்க முடியவில்லை.

"அவ திருடல. நாந்தான் மையை அவ வாயில வச்சேன்." ஜெயம்மா கோலைத் தேய்த்துத் தாளை நிமிர்த்தி, தன் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சாய்ந்தது. அடுத்து அம்சவேணி. பிறகு ஒவ்வொருத்தியாக.

"ஈரம்" என்றார் ராஜரத்தினம்.

"ஆள் இல்லாதப்போ அந்த ஈரம் எங்க போச்சு?" என்றாள் அம்சவேணி.

"இனிமே உதட்டுல வைக்கமாட்டோம். பல்கீஸை டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் பிரஷ்ஷைத் தொடமாட்டோம்" என்றாள் ஜெயம்மா.

"நீங்க போனா வேலைக்கு ஆளா இல்ல? நாளைக்கே வருவாங்க."

"வரட்டும். அவங்ககிட்டயும் சொல்லுவோம்."

எல்லோரும் இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தார்கள். மேலே கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஜெயம்மா மட்டும் ஒதுங்கி மழையில் நின்றாள். பல்கீஸின் பக்கத்தில் போய் உட்கார அவளுக்கு முகமில்லை.

வீங்கிய தாடையைப் பிடித்தபடி பல்கீஸ் நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்கக்கா. புதுசா வர்றவங்ககிட்ட நீங்கதான் பேசணும். சொல்லிக்கொடுக்க உங்களுக்குத்தானே வரும்."

ஜெயம்மா அவளருகே உட்கார்ந்தாள்.