ஐந்தாவதாக வந்தவள்

1923 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கறுப்பினப் பெண்கள் நான்கு பேர் படித்தார்கள். பெண்கள் விடுதியில் அவர்களுக்கு இடமில்லை. தையல்காரி ஒருத்தியின் மாடியறையில் ஒண்டியிருந்தார்கள். அந்த வீடும் கைமாறியது. வாங்கிய வெள்ளைக்காரர், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பனியில் ஊர் முழுக்கக் கதவைத் தட்டினார்கள். பாதிக் கதவுகள் திறக்கவேயில்லை.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. சிகாகோவில் கறுப்பினப் பட்டதாரிப் பெண்கள் நடத்திய சகோதரிகள் சங்கம், கிளை தொடங்கினால் தன் பெயரில் வீடு பிடித்துத் தருவதாகச் சொன்னது. கிளை கேட்கும் மனுவில் ஐந்து மாணவிகள் கையெழுத்திட வேண்டும்.

"அஞ்சாவதா ஒருத்தி இருக்கா," என்றாள் நால்வரில் ஒருத்தியான பியூலா. "விடுதியிலயே இருக்கா. கொரின் லேசி."

மருத்துவராகும் கனவோடு வந்திருந்த ஆர்டிலியா நிமிர்ந்தாள். "அந்த வெள்ளைக்காரியா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க. ஓமஹாவுல எங்க சர்ச்சுல அவங்கப்பாதான் ஆர்கன் வாசிப்பாரு. அவளும் கறுப்புதான், தோல் மட்டும் வெளுப்பு, அவ்வளவுதான். ஆனா அவள விட்ருடி, பாவம்."

"நாளைக்கு நாம தெருவுல நின்னா, அது பாவமில்லையா?"

மறுநாள் மதியம் ஆர்டிலியா சலவைக்காரி போல ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுதிக்குள் நுழைந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொரின் அறையில் தனியாகத்தான் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் உதடு வெளுத்துவிட்டது.

"போயிடு. உன் கால்ல வேணா விழறேன், போயிடு."

"பேர் மட்டும் கொடு கொரின். வெளியில யாருக்கும் தெரியாது."

"தெரியாம எப்படி இருக்கும்? எங்கப்பாகிட்ட நான் பேசி ஒரு வருஷமாச்சு. இந்த விடுதிக் கட்டிலுக்காகத்தான்."

ஆர்டிலியா அருகில் போனாள். கொரினின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "நீயும் எங்கள்ல ஒருத்திதானே," என்றாள். அப்போது கதவருகில் கொரினின் அறைத்தோழி நின்றுகொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது தையல்காரியின் வீட்டுப் படியில் ஏதோ இடித்துக்கொண்டே ஏறும் சத்தம் கேட்டது. கொரின் தன் டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். முழங்கால்வரை பனி.

"விடுதி மேட்ரன் என் துணியெல்லாம் வாசல்ல வச்சிட்டா. கை கொடுக்க ஒருத்தியும் வரல. நேத்து வரைக்கும் என் சீப்பாலதான் தலை சீவுனாளுங்க."

"நான் வேணும்னு செய்யல, கொரின்," என்றாள் ஆர்டிலியா.

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன்."

பியூலா கொண்டுவந்த சூப்பை கொரின் தொடவில்லை. அடுப்போரம் உட்கார்ந்து வெகுநேரம் நடுங்கினாள். பிறகு கேட்டாள்: "அந்த மனு எங்க?"

"இப்ப வேணாம். நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றாள் பியூலா.

"நாளைக்கு நான் ஊருக்கு ரயிலேறிடுவேன். அதுக்கு முன்னாடி கொடு." பேனாவை வாங்கியவள், ஆர்டிலியா பெயர் போட வேண்டிய முதல் வரியில் தன் பெயரை அழுத்தி எழுதினாள். "என்கிட்ட இருந்ததெல்லாம் போயி இந்தக் கிளை வருது. என் பேருதான் மொதல்ல நிக்கணும்."

ஆர்டிலியா அதற்கு அடுத்த வரியில் எழுதினாள்.

அவள் ரயிலேறவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் வீடு கிடைத்தது, ஐவரும் குடிபோனார்கள். கொரின் அங்கே இருந்துதான் பட்டம் வாங்கினாள். ஆர்டிலியாவிடம் உப்பை நகர்த்து, விளக்கை அணை என்பதற்குமேல் பேசியதில்லை. பட்டம் வாங்கிய வாரமே டெட்ராய்ட் போனவள், எந்த ஆண்டுக் கூட்டத்துக்கும் வரவில்லை.

மனுவில் முதல் பெயர் அவளுடையது என்பதால், அவளைத்தான் தலைவி என்று கிளையில் புதிதாகச் சேரும் பெண்கள் நினைத்தார்கள். பல வருடம் கழித்துச் சேர்ந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை டாக்டர் ஆர்டிலியா மிம்ஸ் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். கொரின் எப்படிப்பட்டவர் என்று ஒரு சின்னப்பெண் கேட்டாள்.

"எங்கள ரொம்ப வெறுத்தா," என்றார் ஆர்டிலியா. "ஆனாலும் நாங்க தெருவுக்குப் போகாம பாத்துக்கிட்டா."