நாலு மணிக்குக் கதவு திறக்கும்

அப்பாவின் வலது கட்டைவிரலைப் போர்வைக்குள் தேடிப் பிடித்து, அவருடைய செல்போனின் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள் மகள். போன் ஒருமுறை உறுமியது. ‘மீண்டும் முயலவும்’ என்றது.

தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். முன்னறையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அத்தை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், “கையை விட மாட்டேங்குது பாருங்க, பாப்பா” என்றாள். பாப்பாவுக்கு இருபத்தேழு வயது. கூரியர் நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் வேலை.

ஆள்காட்டி விரலை வைத்தாள். மீண்டும் முயலவும்.

உயிரோடு இருந்தபோதே அந்தப் போன் அவரை முழுதாக நம்பியதில்லை. முப்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கிரீஸும் கம்பிக்கயிறும் சேர்ந்து ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. தினமும் காலையில் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, “நான்தான்யா, நான்தான்” என்று அதனிடம் கெஞ்சுவார். இன்று கெஞ்ச ஆள் இல்லை. விரல் குழாய்த் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. மோதிர விரலையும் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு வாய்ப்புதான் மீதம் என்றது போன்.

மணி மூன்று பத்து. நாலு மணிக்கு அப்பா ஒரு போஸ்டர் வெளியிடப் போகிறார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு புத்தகம் எழுதினார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள், கதவு திறக்கும் வரை உள்ளேயிருந்து அவரிடம் பேசியவை. ‘இரண்டு மாடிகளுக்கு நடுவே’ என்று தலைப்பு. இருநூறு பிரதிகள் அச்சாகி, இப்போது அவர் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்தன. இன்று மாலை வெளியீட்டு விழா. விளம்பரம் மகளின் பொறுப்பு. இணையத்தில் இலவசமாகப் போஸ்டர் செய்து தரும் தளம் ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். நல்ல மாதிரிகள் எல்லாவற்றின் தலையிலும் ஒரு குட்டிக் கிரீடம் இருந்தது. கிரீடம் இருந்தால் காசு. கிரீடம் இல்லாதவற்றில் எழுத்தாளருக்கு உகந்ததாகக் கிடைத்தது கறுப்புக் கரை போட்ட ஒன்றுதான். அது என்ன வைபவத்துக்கான மாதிரி என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அப்பாவின் படத்தை ஏற்றி ‘பின்னணி நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினாள். தளம் பின்னாலிருந்த பீரோவை நீக்கியது. கூடவே அப்பாவின் இடது காதையும் நீக்கியது.

“போனாப் போவுது விடு. விமர்சனம் பாதிதான் கேக்கும்” என்றார் அப்பா.

போஸ்டர்களைத் தேதியும் நேரமும் குறித்து வைத்துவிட்டால் அதுவாகவே அப்பாவின் இணையப் பக்கத்தில் வெளியாகும் வசதியும் அங்கே இருந்தது. முப்பது நாள் வரை இலவசம். அவளுடைய முப்பது நாளை அலுவலகப் பிரிவுபசார விழாவில் தீர்த்திருந்தாள். அதனால் கணக்கை அப்பாவின் எண்ணில் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை உள்ளே நுழையவும் அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அந்தப் போனோ, திறந்தால்தான் எதையும் காட்டும். “பூட்டுன்னா பூட்டா இருக்கணும்” என்று எல்லா அறிவிப்புகளையும் மறைத்துவைத்திருந்தார். பூட்டின் எண்ணையும் யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு நாள் முன்பிருந்து தினம் ஒரு போஸ்டர். இன்னும் நான்கு நாள். இன்னும் மூன்று நாள். கறுப்புக் கரைக்குள் ஒற்றைக் காதோடு அப்பா சிரித்தார். நேற்று வந்தது: ‘இன்னும் ஒரே நாள்.’

இன்று காலை ஆறரைக்குப் பால் வாங்கக் கீழே போனவர், லிப்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அதோடு சரி.

“பாப்பா. இங்க வா.”

சித்தப்பா வாசற்பக்கம் நின்று கூப்பிட்டார். எங்கே போனாலும் விசாரணைக் கமிஷன் வைப்பது அவர் சுபாவம். கையில் போன். திரையில் நேற்றைய போஸ்டர்.

“யாரு செஞ்சது இது?”

“நான்தான் சித்தப்பா.”

“ஒரே நாள்னு எழுதி, சுத்தி கறுப்பு வேற. அண்ணி பாத்தாங்களா?”

“நேத்து பாத்தாங்க. இன்னிக்கு இன்னும் பாக்கல.”

“பாத்தா இங்கயே விழுந்துடுவாங்க. ரத்தக்கொதிப்புக்காரங்க. அழிச்சுடு.”

“அப்பா போனு திறக்க மாட்டேங்குது.”

சித்தப்பா கட்டிலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இனிமே ஒண்ணும் வராதுல்ல?”

“வராது” என்றாள். கூரியர் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு அறுபது முறை ‘உங்கள் பொருள் வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்பவள். பொய் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியதே இல்லை.

நாலு மணிப் போஸ்டரில் ஒரு லிப்ட் கதவு திறந்திருக்கும். உள்ளே அப்பா. மேலே, ‘நாலு மணிக்குக் கதவு திறக்கும். எழுத்தாளர் உங்களைச் சந்திக்க வருகிறார்.’ அவருடைய பக்கத்தைத் தொடர்பவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் உறவு, ஒருவர் தவறிப்போய் வந்தவர். ஒவ்வொருவர் போனையும் அப்பாவே கையில் வாங்கி, போஸ்டர் வந்தால் மணி அடிக்கும்படி வைத்துக் கொடுத்திருந்தார். அம்மாவின் போனில்தான் முதலில்.

அம்மா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். புத்தக விழாவுக்கென்று வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலி. எல்லோரும் உட்கார்ந்திருந்தது அவற்றில்தான். அம்மா அழவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள்.

“சொல்லிக்காமப் போயிட்டாரு.”

“அப்படி நினைக்காதீங்க அண்ணி” என்றாள் அத்தை.

“முப்பது வருஷம். கீழ குப்பை கொட்டப் போனாக்கூட வரேன்னு சொல்லாம செருப்புல கால் வைக்க மாட்டாரு. நான் குளிச்சிட்டு இருந்தேன். குழாய் திறந்திருந்தது. சொன்னாரா இல்லையான்னு தெரியல.”

“சொல்லியிருப்பாரு.”

“நீ கேட்டியா?”

அத்தை அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு வண்டிக்காரர்கள் இரண்டு பேர் மேலே வந்தார்கள். மூத்தவர் லிப்டை அளந்து பார்த்துவிட்டு வந்து, “ஸ்ட்ரெச்சர் இதுல நுழையாதுங்க. படியிலதான் எறக்கணும்” என்றார். மூன்று மாடி. அப்பா இதைப் பல வருடங்களாகச் சொல்லிவந்தார்: “இதுல ஆறு பேர் நிக்கலாம், ஒருத்தர் படுக்க முடியாது.” அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

“எடுக்கலாமாம்மா?”

“இருங்க” என்றாள் அம்மா. “அவரு இன்னும் சொல்லிக்கல.”

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்பது போல. சித்தப்பா பாப்பாவைப் பார்த்தார். இந்த நிலையில் நாலு மணிக்கு அம்மாவின் போன் அடித்து, உள்ளே அப்பா லிப்ட் கதவைத் திறந்துகொண்டு நின்றால் என்ன ஆகும் என்று மகள் யோசித்தாள். யோசிப்பதை நிறுத்தத் தெரியவில்லை.

அம்மாவின் போனை எடுத்து அணைத்துவிடலாம் என்று பார்த்தாள். அது அம்மாவின் மடியில், கைக்கு அடியில் இருந்தது. காலையில் பெஞ்சிலிருந்து யாரோ கூப்பிட்ட போன். அதை அவள் அப்போதிலிருந்து விடவில்லை.

மூன்று நாற்பத்தாறு. புகார்ப் பிரிவில் தினமும் கேட்கிற ஒரு வாக்கியம் சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது: போனுதான் மேடம் வேற, சிம் அதேதான்.

“அத்தை, ஊக்கு இருக்கா?”

“எதுக்கு?”

“சும்மா.”

அத்தை பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். சாவு வீட்டில் சும்மா எதற்கு ஊக்கு என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊக்கு முனையை அப்பாவின் போனின் பக்கவாட்டுத் துளையில் குத்தினாள். சிம் தட்டு வெளியே வந்தது. சிம் நழுவித் தரையில் விழுந்து ஈரத்தில் வழுக்கி, தண்ணீர் போகும் துளையின் விளிம்பில் போய் நின்றது. அவள் மண்டியிட்டாள். மூச்சு விட்டால் விழுந்துவிடும் போல இருந்தது. நகத்தால் மெல்ல இழுத்து, சுடிதாரில் துடைத்து, தன் போனுக்குள் போட்டாள். சுவரில் அப்பாவின் சவரக் கண்ணாடி. அதில் தெரிந்தவள் ஏதோ திருடியவள் மாதிரி இருந்தாள்.

சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. எண் கேட்டது. எண் வந்தது. மூன்று ஐம்பத்தாறு. உள்ளே நுழைந்தாள்.

போஸ்டர் திறந்தது. அது அவள் செய்த போஸ்டர் இல்லை.

லிப்ட் கதவு அதேதான். அப்பாவும் அதே சிரிப்பு. ஆனால் இடது பக்கம் ஒரு காது முளைத்திருந்தது. தளத்தின் இலவசப் படங்களில் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார். ரோஸ் நிறம், பொம்மைக் காது, தேவைக்கு இரண்டு மடங்கு பெரியது. போதாததற்கு அது வலது காது. மேலே எழுத்தையும் மாற்றியிருந்தார்.

போன வாரம் அதற்கு ஒரு சண்டை நடந்தது. “எழுத்தாளர் வருகிறாராம். நான் என்ன அமைச்சரா? யாரோ மாதிரி இருக்கு” என்றார். “போஸ்டர்ல பேச்சுத் தமிழ் நல்லா இருக்காதுப்பா” என்றாள் அவள். அவர் சரி என்றார். அவர் சரி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘கடைசியாகத் திருத்தியது நேற்று’ என்றது தளம். எழுத்து இப்போது இப்படி இருந்தது:

நாலு மணிக்குக் கதவு திறக்கும். வரேன்.

‘நீக்கு’ என்ற பொத்தானைத் தொட்டாள். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆம், இல்லை. கதவுக்கு வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது. “அண்ணி, நாலரைக்கு அங்க கேட்டை மூடிடுவாங்க. சொல்றதுக்கு இனி ஆள் எங்க இருக்கு.” அம்மாவின் குரல் அதே நிதானத்தில் வந்தது. “கொஞ்சம் இருங்க.”

கட்டைவிரல் ‘ஆம்’ என்பதற்கு மேலே நின்றது. திரையின் உச்சியில் மணி மூன்று ஐம்பத்தெட்டு. அம்மா விழுந்துவிட்டால் தூக்க யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்தாள். மருத்துவமனை எத்தனை தூரம் என்று நினைத்தாள். மூன்று ஐம்பத்தொன்பது. விரலை எடுத்தாள். எடுத்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் கடித்துக்கொண்டாள்.

முதலில் சித்தப்பாவின் போன் அடித்தது. அடுத்து அத்தையுடையது. பிறகு ஒவ்வொன்றாக, முன்னறை முழுக்க, மாடிக்கு மாடி லிப்ட் மணி அடிப்பது போல. அவள் கையில் அப்பாவின் போனும் அடித்தது. சிம் இல்லாமலே, வீட்டு வைஃபையில், அவருக்கும் தகவல் வந்தது. ஒரு புதிய அறிவிப்பு. என்னவென்று அது காட்டவில்லை.



அவள் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பதினெட்டுப் பேரும் தங்கள் போனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வசதியாக நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“யாருதுடி இந்தக் காது?”

“அப்பா ஒட்டினதும்மா.”

“வலது காது மாதிரி இருக்கு.”

“ஆமாம்மா.”

அம்மா திரும்பக் குனிந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அந்த வரியில் அவ்வளவு நேரம் படிக்க ஒன்றும் இல்லை.

“இது எப்ப எழுதினது?”

“நேத்து.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். போனை முதல்முறையாக மடியிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தாள். குனிந்து, அப்பாவின் இடது காதுக்கு மேலே விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு வண்டிக்காரரைப் பார்த்தாள்.

“எடுத்துக்கங்க.”

படியில் திருப்பம் குறுகல். “தலைப்பக்கம் தூக்கு, தூக்கு” என்று மூத்தவர் சொல்லிக்கொண்டே போனார். ஆட்கள் பின்னால் இறங்கினார்கள். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள், மகள் அம்மாவைப் பற்றிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ பழக்கத்தில் லிப்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அவர்கள் முதல் வளைவில் இறங்கும்போது மேலே மணி அடித்தது. கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் ஏறவில்லை. கதவு கொஞ்ச நேரம் திறந்தபடி நின்றுவிட்டு மூடிக்கொண்டது.