மூன்றாவது இலை

வினாயகமூர்த்தி மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டு வந்தது வயிற்றுக்காக. கொழும்பில் ஏழு வருடம் கடைச் சாப்பாடு தின்று குடல் புண்ணாகியிருந்தது. பாண் துண்டைப் பாலில் ஊறவைத்து விழுங்கும் நிலை. "மருந்தை விடு. அவசரமில்லாத ஊராகப் பார்த்துப் போ" என்றார் டாக்டர்.

மட்டக்களப்புப் புளியந்தீவில் அவசரம் என்று ஒன்று இருக்கவில்லை. வாவியில் தோணிக்காரன்கூடத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் காத்திருந்தான். சாப்பாட்டுக்கு அலுவலகப் பியோன் கதிர்காமத்தம்பி தன் தங்கை மகளின் வீட்டைக் காட்டினார். பெயர் கண்ணகை. தாய் செத்தபின் வீடு அவளுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் வந்து ஏறுகிறவன்.

முதல் நாள் சிவப்பரிசிச் சோறு, இங்கே ஆணம் என்கிற கொய் மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், உன்னிச்சைப் பக்கத்து எருமைத் தயிர். ஆணத்தை மண்சட்டியில் ஏற்றி, விறகை இழுத்து இழுத்து, மத்தியானம் வரை கொதிக்கவிடாமல் வைத்திருந்தாள். அவன் தின்றுவிட்டு வலிக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

நாலாம் மாதம் கதிர்காமத்தம்பி வந்தார்.

"தம்பி, எத்தின நாளைக்கு விறாந்தையில இரிந்து தின்னுவீங்க? ஊர் வாய மூடேலா. உள்ளுக்கு வாங்க. அவள் தன்ட கையால சோறு போட்டா நீங்க அவள்ர புருசன். போடாம உட்டா இல்ல. எங்களப்போல ஏழைக்கு மேளமுமில்ல, ஐயருமில்ல. சோறுதான்."

வினாயகமூர்த்தி ஒரு நாள் யோசித்தான். யோசித்தது முழுக்க மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி.

மறுநாள் உள்ளே போய் உட்கார்ந்தான். கண்ணகை மூன்று பிடி அள்ளிப் போட்டாள். இரண்டு பருக்கை அவன் வேட்டியில் விழுந்தன. அவன் அவற்றையும் பொறுக்கித் தின்றான். அதை அவள் அன்பென்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் போனது. ஒவ்வொரு மத்தியானமும் முதற்பிடி அவள் கையால் விழுந்தது.

"உப்புக் காணுமா?"

"ம்."

பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அவனுக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. ஒரு கோட்டுப் புறக்டரின் ஒரே மகளை அவனுக்குப் பேசியிருந்தார்; சீதனம் கல்வீடு, தோட்டக்காணி. கண்ணகையைப் பற்றி அவன் வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. 'வாருங்கோ' என்று பதில் போட்டான்.

"ஊரிலயிருந்து ரெண்டு பேர் வருகினம். கொய் மீன் வை" என்று மட்டும் அவளிடம் சொன்னான்.

அந்த மாதம் மீன் வாடை பட்டாலே அவள் கிணற்றடிக்கு ஓடினாள். ஏனென்று அவன் கேட்கவில்லை. விளங்காத அளவுக்கு அவன் படிக்காதவனல்ல.

அன்றைய ரயிலிலேயே அவனைப் பொம்பிளை பார்க்கக் கூட்டிப்போகப் பெரியப்பா தரகரோடு வந்திறங்கினார். வாசலில் கண்ணகை செம்பில் தண்ணீர் நீட்டினாள்.

"உவள் ஆர் தம்பி?"

"சமையல்காரி."

முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த கதிர்காமத்தம்பியின் கை நின்றது.

மூன்று இலை விழுந்தது. முதலாவது பெரியப்பாவுக்கு, அடுத்தது தரகருக்கு.

"எடி பிள்ளை, நல்ல கைப்பக்குவமடி. தம்பியின்ர கலியாணம் முடிய உன்னையும் கூட்டிக்கொண்டு போகட்டே?" என்றார் பெரியப்பா.

"சீதனத்தில சேத்துப்போட்டு, பிறகு பொம்பிளையை இஞ்ச விட்டிட்டுப் போயிடுவார்" என்றார் தரகர். இருவரும் சிரித்தார்கள். வினாயகமூர்த்தியும் சிரித்தான்.

மூன்றாவது இலையில் சுண்டலும் பொரியலும் ஓரத்தில் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

"தம்பிக்குச் சோறு வையன்" என்றார் பெரியப்பா.

"சமையல்காரி போடுற சோறு ஐயாக்குச் சரிவராது" என்றாள் கண்ணகை. பானையை அவன் பக்கத்தில் இறக்கினாள். "இந்தா கிட்டத்தான் இரிக்கி."

பெரியப்பாவுக்கும் தரகருக்கும் அது வாய்த்துடுக்கு. மற்ற மூவருக்கும் விளங்கியது. கதிர்காமத்தம்பி கதவடிக்கு வந்துவிட்டார். 'போடு கண்ணகை' என்று சொன்னால் போதும், அவள் போட்டிருப்பாள். அதற்காகத்தான் நின்றாள். அவள் கையைச் சேலையில் துடைத்து ஆயத்தமாகக்கூட வைத்திருந்தாள்.

வினாயகமூர்த்தி ஆணச் சட்டியைப் பார்த்தான். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. பானைக்குள் கையை விட்டு, தானே மூன்று பிடி எடுத்து இலையில் போட்டான்.

"முடிஞ்சிதுகா. இஞ்சால வா" என்றார் கதிர்காமத்தம்பி. அறைக்குள் போய் அவன் டிரங்குப்பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார்.

"உவருக்கென்ன அவசரம்? ரயில் அஞ்சு மணிக்கெல்லோ" என்றார் பெரியப்பா.

கிணற்றடியிலிருந்து ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது.

"சமையல்காரிக்கு என்ன தம்பி?"

"பித்தம்" என்றான் வினாயகமூர்த்தி, மீனின் சினையைப் பிரித்தெடுத்தபடி. இரண்டாந்தரமும் சோறு எடுத்தான்.

ரயிலில் அவன் வழக்கம்போல வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தான். வலி வரவில்லை. நன்றாகத் தூங்கினான்.