மூன்றாவது கேள்வி

1933ஆம் வருஷம், ஜனவரி இரண்டாம் வாரத்தில் போதகர் ஜெயராஜ், ஞானசேகரனைக் கூப்பிட்டனுப்பினார். கண்டோன்மெண்டை ஒட்டிய பிளாக்பள்ளியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார் ஞானசேகரன். வயது நாற்பத்தொன்பது. மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. எந்த வேலையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் முடித்துக் கொடுப்பார் என்று சபையில் பெயர்.

"சீஷத்துவப் பயிற்சின்னு புதுத் திட்டம் ஒண்ணு மிஷன் கமிட்டியிலேர்ந்து அனுப்பியிருக்காங்க. மொதல்ல நம்ம சபையில பரீட்சை பண்ணிப் பாக்கணுமாம்" என்றார் போதகர். "எட்டுப் பேர் போதும். ரெண்டு ரெண்டு பேரா சேத்துவிடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் போய், இந்த மூணு கேள்விய கேக்கணும். பன்னெண்டு வாரம். நீங்க மேற்பார்வை பாத்து அறிக்கை எழுதிக் குடுங்க."

அச்சடித்த தாளில் கேள்விகள் இருந்தன. இந்த வாரம் வேதத்தில் எதை வாசித்தீர்? யாருக்கு உதவினீர்? உம்முடைய மனதை அழுத்துவது என்ன?

"மேற்பார்வை பாக்குறவனுக்கு ஜோடி உண்டாங்கய்யா?"

"உங்களுக்கெதுக்கு? நீங்க உறுதியான ஆளாச்சே" என்று போதகர் சிரித்தார். ஞானசேகரனும் சிரித்துவைத்தார்.

பெண்கள் நால்வர், ஆண்கள் நால்வர் சேர்ந்தார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாரும் கூச்சப்பட்டார்கள். மூன்றாவது வாரம் ஞானசேகரன் பிரிஜெட் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிரிஜெட்டும் ஜோசஃபினும் பதினொரு வருஷமாக ஒரே கோவிலில் முன்பின் வரிசையில் உட்கார்ந்தவர்கள், ஒருத்தி பெயர் மற்றவளுக்குத் தெரியாது. இப்போது அவரைக்காய்க் கூடையை நடுவில் வைத்து உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோசஃபினின் கண்கள் அழுது சிவந்திருந்தன, வாயில் சிரிப்பு. நோட்டுப் புத்தகத்தோடு இவர் உள்ளே வந்ததும் இருவரும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் நல்லா போவுதுங்க" என்றாள் பிரிஜெட்.

"சரிம்மா" என்று எழுதிக்கொண்டார். தெருமுனைக்கு வருவதற்குள் சிரிப்பு மறுபடி கிளம்பிவிட்டது. அது தன்னைப் பற்றியதாக இருக்காது என்று தெரிந்திருந்தும் அவருக்குக் காது சுட்டது.

தகராறு வந்தது ஒரே ஜோடியில்தான். ஏசடியான், பட்டாளத்தில் பாறை உடைக்கும் வெடி வேலை பார்த்து, யுத்தத்தின்போது அரபு தேசத்துப் பசராவில் செவியைப் பறிகொடுத்து வந்தவர். இப்போது நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜோடியாக அமைந்த சில்வெஸ்டர் கோர்ட்டு குமாஸ்தா. ஐந்தாம் வாரம் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்து தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அந்தாளுக்கு எதச் சொன்னாலும் கத்திச் சொல்லணும் சார். என் மனசுல இருக்கிறது பிளாக்பள்ளிக்கே தெரிஞ்சாகணுமா? பேஜாரு!"

மற்ற ஆண்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒற்றை ஆளாக ஏசடியானை விட்டுவிட மனம் வராமல், அடுத்த வெள்ளிக்கிழமை ஞானசேகரனே அவர் வீட்டுக்குப் போனார். கையோடு ஒரு சிலேட்டும் எடுத்துப் போயிருந்தார்.

ஏசடியான் சிலேட்டைப் பார்த்து மறுப்பாகத் தலையாட்டினார். "வேணாங்க. எழுதுறப்ப மனுஷன் யோசிச்சு யோசிச்சு நல்லதா எழுதிடுவான். வாயத் தொறந்து சொல்லுங்க."

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஞானசேகரன் சத்தம் போட்டே பதில் சொன்னார். மூன்றாவதை ஏசடியான் நிதானமாக, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"கேக்கல."

"நல்லா இருக்கேன்!"

"கேக்கலீங்க. இன்னும் கொஞ்சம்."

ஏசடியான் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சற்றே கேட்கும் இடது காதை இவர் வாயருகே கொண்டுவந்தார். அந்தக் காதுமடலில் நரைமுடி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு மனிதர் இத்தனை கிட்டத்தில் வந்து தனக்காகக் காத்திருந்ததில்லை என்று ஞானசேகரனுக்குத் தோன்றியது. மறுபடியும் 'நல்லா இருக்கேன்' என்று கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"வீட்டுல பேச ஆளில்ல!" என்று கத்தினார். "பூட்டத் தொறந்து உள்ள போறப்ப, வந்துட்டேன்னு சொல்லிப்புட்டு, அப்புறந்தான் அவ இல்லங்கறது ஞாபகம் வருது! தெனம் இதே கத!"

சந்தில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. யாரோ யாரையோ "உஸ்" என்று அடக்கினார்கள். ஏசடியான் மட்டும் அசையவில்லை. "கேட்டுச்சு" என்றார். அப்புறம் ஜெபம் பண்ணினார், அதையும் சத்தமாகவே.

மறுநாள் முதல் சந்துக்காரர்கள் ஞானசேகரனைக் கண்டால் ஒரு மாதிரி மெல்லப் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்கு மருந்துக்கு வந்த ஒரு பெண் காரணமில்லாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். அவமானமாக இருந்தது. இருந்தும் அடுத்த வெள்ளிக்கிழமை போனார், அதற்கடுத்ததும் போனார். ஒருநாள் ஏசடியான் பதில் சொல்லும் முறை வந்தது. "சனங்க வாய் அசையுறது தெரியுது, சிரிக்கிறது தெரியுது. எதுக்குன்னு யாரும் திருப்பிச் சொல்றதில்ல" என்றார். அன்று வழியெல்லாம் கேட்ட சில்லறைச் செய்திகளை ஒன்றுவிடாமல் ஞானசேகரன் அவருக்குக் கத்திச் சொன்னார். கோழி விலை, பட்டாளக் கவாத்து மைதானத்தில் சாய்ந்த மரம், யார் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் என்பது வரை.

ஈஸ்டருக்கு முன் பன்னிரண்டு வாரமும் முடிந்தது. அறிக்கையைப் படித்த போதகர் வருத்தத்தோடு சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா வீட்டு விஷயம் வெளிய போவுதுன்னு ஒரு புகார் போயிருக்கு. கமிட்டி இத நிறுத்திட்டாங்க. இனிமே ஞாயித்துக்கெழம கோவில்லயே பாட வகுப்பாம்."

அதற்காகப் பிரிஜெட்டும் ஜோசஃபினும் சந்திப்பதை விட்டுவிடவில்லை. அவர்களுக்குத் தாளும் தேவையில்லை, மேற்பார்வையும் தேவையில்லை.

பதின்மூன்றாவது வெள்ளிக்கிழமை ஞானசேகரன் பழக்கதோஷத்தில் ஏசடியான் வீட்டுக்கு நடந்தார். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பாகீரதி எட்டிப் பார்த்தாள்.

"மக வந்து கோலாருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இனிமே அங்கதானாம், சுரங்கக் குடியிருப்புல. உங்ககிட்ட சொல்லலியா?"

"இல்லம்மா."

"நீங்க கத்துறது கேக்காம இந்த வாரம் சந்தே என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். 'வந்துட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தையும் வாயை விட்டுப் போயிருந்தது. அவருக்கு அது முன்னைவிட மோசமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. கோணல்மாணலான கையெழுத்து.

'அன்புள்ள கம்பவுண்டருக்கு ஏசடியான் எழுதுவது. சுகம். மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். இங்கே எல்லாரும் மெல்லப் பேசுகிறார்கள். எழுத வேண்டாமென்று நான்தான் சொன்னேன், வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.'

அதை மருந்து அலமாரியில் சாய்த்துவைத்து, வேலைக்கு நடுவே நாலைந்து தரம் படித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் சேஷகிரியின் அறைக்குள் போனார்.

"சனிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும் சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் மனைவியை அடக்கம் செய்த இரண்டு நாள் தவிர, இந்த மனிதர் லீவு கேட்டதில்லை. "என்னய்யா, உடம்புக்கு ஏதாவது?"

"இல்ல சார். கோலாருக்குப் போகணும். காலை ரயிலுக்கு."

"சொந்தக்காரங்களா?"

இல்லையென்று ஞானசேகரன் தலையை அசைத்தார்.

"தெரிஞ்சவர் சார்" என்றார். "கொஞ்சம் பேசிட்டு வரணும்."