அந்தப் பக்கம் சொல்ல வேண்டாம்

எங்கள் சமரச மையத்தின் மேசை வட்டமானது. யாரும் தலைமையிடத்தில் உட்கார்ந்துவிட முடியாது. கடிகாரம் வழக்கோடு வருபவர்களின் முதுகுப் பக்கம் மாட்டப்பட்டிருக்கிறது; என் கண்ணுக்கு மட்டும் படும். அறைக்கு இரண்டு கதவுகள். சண்டை தாழ்வாரத்தில் தொடரக் கூடாது என்பதற்காக. இருபத்துமூன்று ஆண்டுகளாக இங்கே குடும்பங்களைக் குரல் உயராமல் பிரித்து அனுப்பிவருகிறேன். எழுத்தர் என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தராசு' என்பார். கேலிதான். நான் அதைப் பாராட்டாக வைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு தையல்காரம்மாவும் அவருடைய கணவரான மருந்துக்கடைக்காரரும் வந்தார்கள். பிரிவதில் இருவருக்கும் சம்மதம். தீராதவை இரண்டு: எட்டு வயது மகள்; இருவர் பெயரிலும் இருந்த வீடு. அந்த வீட்டின் முன்னறையில்தான் தையல்காரம்மாவின் இயந்திரமும் துணி வெட்டும் மேசையும் இருந்தன. வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்த ஒரே வாசல் அது.

"பொண்ணு என்கூடத்தான் இருப்பா," என்றார் கடைக்காரர். "கோர்ட்டுக்குப் போனாலும் சரி. எங்க அம்மா இருக்காங்க பாத்துக்க. இவ நாள் பூரா மெஷின் முன்னால. ஊசியும் கத்தரிக்கோலும் கெடக்கிற வீட்ல பிள்ளை வளரணுமா?"

"அந்த ஊசிதான் எட்டு வருஷமா உங்களுக்கும் சோறு போட்டுது," என்றார் தையல்காரம்மா. குரல் நிதானமாக இருந்தது. கைக்குட்டையை மட்டும் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

விதிப்படி இருவரையும் தனித்தனியே பார்த்தேன். சிறிய அறையின் கதவைச் சாத்தியதும் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்ககிட்ட என்ன சார் ஒளிவு மறைவு? பொண்ண வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தலை பின்னத் தெரியுமா? எங்க அம்மாவைப் பாத்துக்கவே ஒரு ஆள் வேணும். எனக்கு வேண்டியது வீடு. நேரா கேட்டா தர மாட்டா. பொண்ணைக் கேட்டா வீடு தானா வரும்."

ஒவ்வொரு தனிச் சந்திப்பின் முடிவிலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. புதிதாக வரும் சமரசர்களுக்கு அதைத்தான் முதலில் கற்பிக்கிறேன். அன்றும் அனிச்சையாகக் கேட்டேன்.

"இதுல எதை நான் அந்தப் பக்கம் சொல்லலாம்?"

"எதுவும் சொல்ல வேண்டாம் சார்," என்று சிரித்தார். "கேட்டது நல்லதாப் போச்சு."

அதற்குமேல் நான் சொல்லக் கூடாது. ஆனால் சமரசத்தை முறித்துவிட எனக்கு அதிகாரம் உண்டு. 'உடன்பாடு எட்டப்படவில்லை' என்று எழுதினால் போதும். காரணம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கையெழுத்துக்குக் கனிந்த வழக்கை நான் ஒருபோதும் முறித்ததில்லை. அந்தப் பெருமையை அன்று விட மனம் வரவில்லை.

அடுத்துத் தையல்காரம்மா வந்தார். உட்காரும் முன்பே சொன்னார்: "வீட்டை அவரே எடுத்துக்கட்டும் சார். பொண்ணை விட்டாப் போதும்."

"அவசரப்படாதீங்கம்மா. ஒரு வாரம் யோசிங்க. ஒரு வக்கீலைக் கேளுங்க."

"யோசிக்கிறதுக்குள்ள அவர் மனசு மாறிட்டா?"

"கோர்ட்ல உங்க பக்கமும் நியாயத்தைக் கேப்பாங்க."

"பொண்ணைப் பணயம் வச்சுப் பாக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "உங்க பொண்ணா இருந்தா வைப்பீங்களா சார்?"

நடுநிலை வகிப்பவன் சொந்தக் கதையைப் பேசக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது.

உடன்படிக்கையைப் பிழையின்றி எழுதினேன். வீடு தந்தைக்கு, மகள் தாயிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மையத்தின் சந்திப்பு அறையில், தந்தை மகளைப் பார்க்கலாம். கையெழுத்தானதும் கடைக்காரர் ஒரு கதவால் போனார். தையல்காரம்மா மற்றக் கதவருகே நின்றார்.

"ரொம்ப நன்றி சார். அவர் முரடர்தான், ஆனா பொண்ணை விட்டுக்கொடுத்துட்டாரு பாருங்க."

அவர் போன பிறகு, விதிப்படி, என் குறிப்புத்தாளைக் கிழித்துப்போட்டேன். எழுத்தர் பதிவேட்டில் 'சமரசம்' என்று முத்திரை குத்தினார்.

முதல் சனிக்கிழமை கடைக்காரர் வரவில்லை. இரண்டாவது முறையும் வரவில்லை. மூன்றாவது முறை அந்தச் சிறுமி புதுச் சட்டையோடு வந்து, மதியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொம்மைப் பெட்டியிலிருந்த மரக்கட்டைகளை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கினாள். தையல்காரம்மா என் அறைக்கு வந்தார். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள். இப்போது ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கூலிக்குத் தைப்பதாக எழுத்தர் சொல்லியிருந்தார்.

"இவளுக்காகக் கோர்ட்டு வரைக்கும் போவேன்னாரே சார். ஒரு மணி நேரம் வந்து பாக்க முடியலையா?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினேன். அவர் அதைக் கவனித்தார். துணியில் ஓட்டை தேடுகிற பார்வை.

"அன்னிக்கு உள்ள உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா."

"அப்ப, சொல்ற மாதிரி ஏதோ இருக்கு."

நான் பேனாவை மேசையில் வைத்தேன். அவர் திரும்பி மகளைக் கூப்பிட்டார். "கட்டையை எடுத்து வச்சிட்டு வாடி. போலாம்."

அன்று மாலை அவர்களுடைய வழக்குக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். குறிப்பு இல்லை. கையெழுத்து நாளன்று இருவரும் நிரப்பிய கருத்துப் படிவங்கள் இருந்தன. 'சமரசர் ஏதேனும் ஒரு தரப்புக்குச் சாதகமாக நடந்துகொண்டாரா?' என்பது நான்காவது கேள்வி. கடைக்காரர் 'இல்லை' என்று கிறுக்கியிருந்தார். தையல்காரம்மா, கோடு விலகாத கையெழுத்தில், 'இல்லவே இல்லை' என்று எழுதியிருந்தார்.