ரிலீவர் வரும்வரை பேசு

கணினித் துறை மன்றத்தின் சுவரொட்டியில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நிகழ்ச்சிகள் போட்டிருந்தார்கள். காலை பத்தரைக்கு உரை, பேசுபவர் மூன்றாமாண்டு மாணவி வி. வினோதா. பிற்பகல் மூன்று மணிக்கு அதே அரங்கில் ஒன்றுகூடல். பிரியாணி, பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். புதன்கிழமை மாலை வினோதா கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். ஒன்றுகூடலுக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். உரைக்கு நான்கு பேர். அந்த நால்வரில் ஒருத்தி அவளேதான். இன்னொருவன் கை தவறி அமுக்கிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தான்.

சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற அந்தக் கல்லூரியில் துறைத்தலைவர் அண்ணாதுரை வைத்ததுதான் சட்டம்.

"நூறு பேருக்குக் கம்மியா உக்காந்தா அது லெக்சர் இல்லம்மா, டியூஷன்," என்றார். "பெங்களூருல இருந்து மேகலா மேடம் வர்றாங்க. காலிச் சேரைக் காட்டவா கூப்பிட்டோம்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நூறு பேர் கன்ஃபர்ம் ஆகலன்னா, கேன்சல்."

மேகலா ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியை. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் தம்மோடு வேலை செய்ய இந்தக் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டாராம். கூட்டத்தின் முன்னால் நின்று தன் பாடத்தைச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பாராம். வினோதாவுக்கு அந்த இடம் வேண்டும். சோறு தொண்டையில் இறங்காத அளவுக்கு வேண்டும். சிக்கல் என்னவென்றால், மேடை ஏறினால் மூன்று நிமிடத்துக்கு மேல் அதே தொண்டையில் பேச்சும் ஏறாது. முதலாண்டில் ஒரு கருத்தரங்கில் வணக்கம் சொன்ன கையோடு வாயடைத்து நின்றாள். வகுப்பே சிரித்தது, பாடம் எடுக்கிறவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று தடவை ஏறினாள், மூன்று தடவையும் அதே கதை. எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிற பெண், கும்பலாகச் சிரிக்கிற சத்தம் கேட்டால் கேன்டீனில்கூடத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவள் அப்பா வெங்கடப்பன், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடமாக எந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்விதான். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மகள், "நூறு பேர் வேணும்ப்பா" என்றதும் அதே மூன்றையும் கேட்டார்.

"எத்தினி நாளு?"

"ஒரே நாள்தான். வெள்ளிக்கிழமை."

"ஜெனரலா, ஷிப்டா?"

வினோதாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஷிப்ட் என்றால் கொஞ்ச நேரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "ஷிப்டே போதும்ப்பா."

"இன்னா வேலை?"

"உக்காந்து கேக்கறதுதான்."

"உக்காந்துகினு செய்யற வேலையா," என்று வெங்கடப்பன் முகம் மலர்ந்தார். "அப்பன்னா போட்டி போட்டுகினு வருவாங்க. மோட்டார் கம்பெனில மராமத்துன்னு லைன நிறுத்தி வெச்சிருக்கான். ட்ரெய்னிங்னு எழுதிட்டா ஆளுங்களுக்கும் அட்டெண்டன்ஸ் போவாது. நீ கவலப்படாத பாப்பா."

வியாழக்கிழமை வினோதா நூறு பேர் கன்ஃபர்ம் என்று சொன்னபோது, யாரென்று அண்ணாதுரை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கல்லூரி வாட்ச்மேன் மதுரைவீரன் போன் செய்தார். "கேட்டுல ரெண்டு பஸ்ஸு நிக்குதும்மா. நூறு பேரு. பஞ்சிங் மெஷின் எங்கன்னு கேக்கறாங்க."

இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து வினோதா தலையை வாரியும் வாராமலும் ஓடி வந்தாள். நூறு பேரும் நீலச் சட்டையில், கனத்த பூட்ஸ் காலோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு அரங்க வாசலில் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற பெண்ணின் கையில் நீள நோட்டு ஒன்று. பெயர் தங்கமணி, புதுக்கோட்டைப் பக்கம். லைன் லீடர்.

"ஆறு மணி ஆச்சுத்தா," என்றாள் தங்கமணி. "நாங்க ஓட்ட வேண்டிய மெஷின் எங்க?"

"மெஷின் எதுவும் இல்லக்கா. நான் பேசுவேன், நீங்க கேக்கணும்."

தங்கமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நோட்டில் 'மெஷின்' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'வினோதா' என்று எழுதிக்கொண்டாள். "எப்ப ஸ்டார்ட் ஆவ?"

"பத்தரைக்கு."

"அதுவரைக்கும் வார்ம் அப்புன்னு போட்டுக்கறேன்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆறிலிருந்து பத்தரை வரை நூறு பேரும் வெறும் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கைப்பேசிகளை எல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். எட்டு மணிக்கு எழுந்து நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். ஒன்பதுக்குப் பத்துப் பத்துப் பேராகப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். யாராவது வெளியே போனால், அவர் வரும்வரை பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் கவனித்தார். அந்த அரங்கம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஓர் ஒழுங்கைக் கண்டதில்லை.

பத்தரைக்கு மேகலாவை அழைத்துவந்த அண்ணாதுரை, வாசலில் ஒரு கணம் நின்றார். அவருக்கு வியர்த்தது. ஆனால் பதினெட்டு வருடம் துறைத்தலைவராக இருந்தவர் இதற்கெல்லாம் அசருவாரா? "இண்டஸ்ட்ரி பார்ட்டிசிபேஷன், மேடம்," என்றார். மேகலா தலையசைத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

வினோதா மைக்கைப் பிடித்தாள். தலைப்பு, ஒரு பிராசசர் பல வேலைகளை எப்படி மாற்றி மாற்றிச் செய்கிறது என்பது. "ஒரே பிராசசர், வேலையோ ஆயிரம்," என்று ஆரம்பித்தாள். "ஒரு வேலையப் பாதியில நிறுத்தணும். எங்க விட்டோம்னு குறிச்சு வெக்கணும். அப்புறம் அடுத்த வேலைய எடுக்கணும்." நூறு தலைகள் ஆடின. மூன்றாவது நிமிடம் முடிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த வார்த்தை என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வரவில்லை. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. இனி சிரிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கமணி கையை உயர்த்தினாள்.

"லைன் நின்னுருச்சு. மெட்டீரியல் இல்லையா, மெஷின் கோளாறா?"

வினோதா திணறிக்கொண்டே, "மெட்டீரியல் இருக்குக்கா. தொண்டைதான்," என்றாள்.

"பத்து முப்பத்து மூணு, பிரேக்டவுன்," என்று தங்கமணி எழுதினாள். "ஆஞ்சப்பண்ணே, பாருங்க."

எலக்ட்ரீஷியன் ஆஞ்சப்பன் டூல் பையோடு மேடை ஏறினார். மைக் கம்பியைத் தட்டிப் பார்த்தார், உயரத்தை அவள் வாய்க்கு நேராக இறக்கி முடுக்கினார். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் செய்து குடிக்க வைத்தார். நாலடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். "ஓட்டும்மா," என்றார்.

ஓடியது. பதினொன்றாவது நிமிடத்தில் மறுபடியும் நின்றது. தங்கமணி எழுதினாள், ஆஞ்சப்பன் ஏறினார், தண்ணீர் வந்தது. மூன்றாவது தடவை நின்றபோது வினோதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சிருங்கக்கா," என்றாள் மைக்கிலேயே.

"எதுக்குத்தா மன்னிப்பு?" தங்கமணிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "மெஷின்னா ஷிப்டுக்கு நாலு தடவ நிக்கத்தான் செய்யும். நிக்கவே நிக்காத மெஷினப் பாத்தாத்தான் எங்களுக்குப் பயம்."

நான்காவது தடவை நின்றபோது ஆஞ்சப்பன் ஏறுவதற்குள் தானே சொம்பை எடுத்துக் குடித்துவிட்டுத் தானே ஓடத் தொடங்கினாள். பதினொன்றேகாலுக்கு உரை முடிந்தது. அண்ணாதுரை நன்றி சொன்னார். கைதட்டல் இல்லை, ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை.

"முடிஞ்சுது, நீங்க கிளம்பலாம்," என்றார் அண்ணாதுரை.

"ஷிப்ட் ரெண்டு மணிக்குத்தான் சார் முடியுது," என்றாள் தங்கமணி. "பி ஷிப்ட் ரிலீவர் வந்து மாத்திவிடாம சீட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது. சும்மாவும் உக்காரக் கூடாது. லைன் ஓடணும்."

"பி ஷிப்ட் வேற இருக்கா?"

"இன்னும் நூறு பேரு, சார். ஷிப்டுன்னுதான கேட்டிருக்கீங்க."

அண்ணாதுரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மேகலா மட்டும் திரும்பி அந்த நீலச் சட்டைகளை நிதானமாகப் பார்த்தார். பிறகு மேடையை நோக்கி, "உனக்கு இன்னும் தெரியும்தானே?" என்று கேட்டார். "பேசு."

வினோதா பேசினாள். தயாரித்து வந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, இரண்டாமாண்டில் படித்ததைப் பேசினாள். முதலாண்டில் படித்ததைப் பேசினாள். எந்த வேலையை முன்னால் எடுப்பது, எதைக் காக்க வைப்பது, காத்துக் காத்தே ஒரு வேலை செத்துப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னாள். நடுவில் ஒருத்தி, "அவசர ஆர்டர் வந்தா?" என்று கேட்டாள். அதற்கு ஒரு மணி நேரம் பதில் போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஐம்பது ஐம்பது பேராகப் போய் வந்தார்கள். தன் குரல் அந்த அரங்கத்தின் கடைசிச் சுவர்வரை போய்வருவதை அவள் கேட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம்.

இரண்டு மணிக்கு பி ஷிப்ட் உள்ளே வந்தது. ஒவ்வொரு நாற்காலியின் பக்கத்திலும் ஓர் ஆள் வந்து நின்றார். எழுந்திருக்கப் போகிறவர் உட்கார வருகிறவருக்கு, அதுவரை என்ன ஓடியது, எங்கே நிற்கிறது, எதில் சந்தேகம் என்று ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தார்கள். வினோதா மூன்றரை மணி நேரமாகச் சொன்னதை நூறு பேர் நூறு பேருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொன்னார்கள். ஒருத்தி விரலை மடக்கிச் சொன்னாள், ஒருவர் டிபன் பாக்ஸ் மூடிகளை அடுக்கி வைத்துக் காட்டினார். ஆஞ்சப்பன் தெலுங்கில் சண்டை போடுவதைப் போலச் சொன்னார். மேகலா எழுந்து வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று கேட்டார்.

அதற்குள் பிரியாணி வாசனை பிடித்து, மூன்று மணிக்கு வர வேண்டிய முன்னூற்றுச் சொச்சம் மாணவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அண்டா வெளியே, அரங்கம் உள்ளே, நாற்காலிகளில் பி ஷிப்ட். அவர்களுடைய ஷிப்ட் ராத்திரி பத்து மணிவரைக்கும்.

ஏ ஷிப்ட் பஸ் ஏறப் போய்விட்டது. தங்கமணி மட்டும் நோட்டோடு மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க போகலியாக்கா?" என்றாள் வினோதா.

"நோட்ட முடிக்கணுமே. எல்லாருக்கும் ரிலீவர் வந்தாச்சு. உனக்கு யாரு?"

வினோதா அண்ணாதுரையைப் பார்த்தாள். அவருக்கு அந்த நிமிடமே ஒரு மீட்டிங் ஞாபகம் வந்தது. வாசலைப் பார்த்தாள். முதலாண்டிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்த அத்தனை முகங்களும் அங்கே இருந்தன. இருநூறு கண்கள் உட்கார்ந்திருக்கிற அந்த அரங்கையும் காலி மைக்கையும் பார்த்துவிட்டு, முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். பிரியாணிக்காகக்கூட ஒருவரும் மேடை ஏறத் தயாராக இல்லை.

மேகலா ஏறினார். தங்கமணியின் நோட்டை வாங்கி ரிலீவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "சொல்லு. எங்க விட்ட?"

வினோதா கரும்பலகையைக் காட்டினாள். "டெட்லாக்ல நிக்குது மேடம். நாலு பேர், ஆளுக்கொரு ஸ்பேனர் கையில. அடுத்தவன் கையில இருக்கறது வந்தாத்தான் அவனவன் வேலை முடியும். ஒருத்தனும் விட மாட்டேங்கறான். யாரை முதல்ல எழுப்பறதுன்னு சொல்லணும்."

"எத்தனை தடவ நின்னுச்சு?"

"நாலு தடவ."

"காரணம்?"

"நான்தான் மேடம்."

"சரி. ஜூன் ரெண்டாம் தேதி பெங்களூருக்கு வந்துடு," என்றார் மேகலா மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றியபடி. "அங்கயும் நிக்கும். எழுதி வெச்சுக்கலாம்." பிறகு பி ஷிப்டைப் பார்த்து, நாலு பேரையும் நாலு ஸ்பேனரையும் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

வினோதா படியிறங்கினாள். கண்ணில் நீர் முட்டி, படியே சரியாகத் தெரியவில்லை. தங்கமணி நோட்டை அவள் முன் நீட்டி, எழுத வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். "பேரு, நேரம் போட்டுடுத்தா. கடைசிக் கட்டத்துல, ஷிப்டுல குறை ஏதும் இருந்தா எழுது. எழுதாம விட்டா ஆபீஸ்ல வாங்க மாட்டான்."

வினோதா பெயரை எழுதினாள். நேரத்தை எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு, 'யாரும் சிரிக்கவில்லை' என்று எழுதினாள்.

தங்கமணி அதைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"வேல நேரத்துல யாருத்தா சிரிப்பா?" என்று பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.